தொழிலாளர் இயலின் முதல் வருஷம்

கல்லூரியில் கற்பிக்கப்படும் விஷயங்களுள் பெரும்பாலானவை, மாணவன் பிறப்பதற்கு முன்பே எங்கோ தயாராகி, புஸ்தக வடிவில் அவன் முன் வந்து நிற்பவை. தொழிலாளர் இயல் என்று இன்று வழங்கும் பாடமோ, அவன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கூடப் புறப்பட்டு, இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த தகப்பனாராகவும், பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டராகவும், கல்லூரி வாசலில் சலாம் வைத்த காவலாளியாகவும் வழிநெடுக நின்றிருந்தும், வகுப்பறைக்குள் நுழைகிற வரையில் ஒரு பாடமென்று அவனுக்குத் தோன்றாமலே இருந்துவிடுகிறது. சென்னையில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்புகளில் அப்பாடத்தின் அறிமுகத் தாளை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில், அதைக் கேட்க வந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருஷத்தில் நேர்ந்தவற்றுள் சிலவற்றையேனும் எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

விரும்பி வந்து சேர்ந்தவர்கள் வெகு சிலரே. வணிகவியலில் இடம் கிடைக்காதவர்களும், தொழிற்சாலைகளில் பர்சனல் ஆபீசர் உத்தியோகத்துக்கு இந்தப் படிப்பு உதவும் என்று உறவினர் சொல்லக் கேட்டவர்களுமே அதிகம்; தொழிற்சங்கத்தில் பொறுப்பிலிருந்தவரின் மகனோ மகளோ எப்போதாவது ஒருவர் வருவதுண்டு. வேலைநிறுத்தம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது என்று முதல் வகுப்பில் கேட்டால், பஸ் ஓடாத நாள், பாங்கு திறக்காத நாள், பரீட்சை தள்ளிப்போன நாள் என்றே பதில் வரும். பத்திரிகைகளும் அதைப் பொதுமக்களுக்கு நேர்ந்த அவதியாகவே எழுதிப் பழகிவிட்டபடியால், இதற்காக அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல நியாயமில்லை.

பாடப் புஸ்தகங்கள் வழக்கமாக இங்கிலாந்தின் இயந்திரப் புரட்சியிலிருந்து ஆரம்பிக்கும். நான் பெரம்பூரிலிருந்து ஆரம்பிப்பேன். வகுப்பில் பாதிப் பேர் வியாசர்பாடி, ஓட்டேரி, புளியந்தோப்பு என்று அந்த வட்டாரத்திலிருந்தே வருகிறவர்கள். அப்படியிருந்தும், 1918ஆம் வருஷம் ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது தாங்கள் அன்றாடம் நடக்கும் தெருக்களின் பக்கத்தில்தான் என்பதை அவர்களுள் எவரும் அறிந்ததில்லை. பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் அவ்வட்டாரத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் என்பதும், சங்கம் என்ற எண்ணம் எழுவதற்கு முன் அவர்கள் கூடிய இடம் பக்திப் பிரசங்கங்கள் நடத்திவந்த ஒரு சபை என்பதும், தலைமை ஏற்ற வாடியா பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதும், பள்ளித் தமிழாசிரியராக இருந்து அப்போதுதான் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியராகியிருந்த திரு.வி.க. அதன் முன்னணியில் நின்றார் என்பதும் அவர்களுக்குப் பெரும் ஆச்சரியத்தைத் தந்தன. அதனினும் ஆச்சரியம், அன்றைய தொழிலாளர் எழுப்பிய முதற்கோரிக்கைகளுள் ஒன்று மதிய உணவுக்கான இடைவேளையை நீட்டவேண்டும் என்பது. கிடைத்ததெல்லாம் அரை மணி. அதற்குள் இயந்திரத்தை விட்டு வந்து, கை கழுவி, உண்டு, மறுபடி போய் நிற்க வேண்டும்.

ஏதோ பெரிய சித்தாந்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த வகுப்பு, சரித்திரம் ஒரு சோற்று மூட்டையைச் சுற்றித் தொடங்குவதைக் கேட்டுத் திகைத்திருந்த சமயத்தில், பகலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் பையன் ஒருவன், "எங்களுக்கு இருபது நிமிஷந்தான் சார், சீஸன்ல அதுவும் கிடையாது" என்றான். உடனே பெட்ரோல் பங்கில் இருந்தவன் தன் கணக்கைச் சொன்னான். ஓட்டலில் கல்லாவில் இருந்த பெண் தன்னுடையதைச் சொன்னாள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கிய பிறகு, அதே பையன், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வு தரவேண்டும் என்ற பிரிவைச் சுட்டிக்காட்டி, "1918இலேயே போதாது என்று சொன்ன அரை மணியைத்தானே சார் சுதந்திரம் வந்த பிறகும் எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான். நாள் முழுவதற்குமான வேலை நேரம் 1911ஆம் வருஷச் சட்டப்படி பஞ்சாலை ஆடவருக்குப் பன்னிரண்டு மணி வரை நீளலாம் என்றிருந்து, 1948க்குள் ஒன்பது மணியாகவும் வாரத்துக்கு 48 மணியாகவும் குறைந்தது என்று நான் விளக்கினேன். அவன் ஒப்புக்கொண்டான், ஆனால் அவன் கேள்வி கேள்வியாகவே நின்றது. சட்டத்தை அவ்வளவு நுட்பமாக வாசிக்கும் கண்ணை இருபது நிமிஷத்துச் சாப்பாடு அவனுக்குக் கொடுத்திருந்தது.

உரிமைகள் யாவும் சர்க்காரின் தயவால் மேலிருந்து இறங்கி வந்தவை என்ற எண்ணம் பள்ளிப் படிப்பிலிருந்து பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சங்கத்தை நடத்தியதற்காகவே வாடியா முதலியோர்மீது கம்பெனியார் வழக்குத் தொடுத்து, 1920இல் உயர்நீதிமன்றத்தின் தடையுத்தரவைப் பெற்றார்கள் என்பதையும், சங்கம் அமைப்போருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் வற்புறுத்தி, 1926இல்தான் தொழிற்சங்கச் சட்டம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. ஒரு மாணவி தன் சட்டப் புஸ்தகத்தின் ஓரத்தில், ஒவ்வொரு முக்கியமான பிரிவுக்கும் எதிரே, அது வருவதற்குக் காரணமான ஊரையும் வருஷத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். பரீட்சைக்கு அது பயன்படாது. அவளுக்குப் பயன்பட்டது.

எல்லா வருஷமும் மிகுந்த சிரமத்தோடு நான் நடத்திய பாடம் 1921ஆம் வருஷத்து வேலைநிறுத்தம். ஜூன் மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட அந்தப் போராட்டத்தில், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆலைக்கு வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அதன் விளைவாகப் புளியந்தோப்பில் கலகம் மூண்டு, குடிசைகள் எரிந்து, துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போயின. தொழிலாளர் ஒற்றுமையைப் புகழும் பிரசங்கங்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவதுண்டு. அப்படிக் கடப்பது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், வகுப்பில் அந்த இரு தரப்பாரின் சந்ததிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எங்க தாத்தாவோட அப்பா காலத்துல வீடு எரிஞ்சதுன்னு வீட்டுல சொல்லுவாங்க சார்; எந்தச் சண்டைன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று புளியந்தோப்புப் பையன் ஒருவன் சொன்ன அன்று, அவனுக்கு அடுத்து அமர்ந்திருந்த மாணவி, கையில் ஒரு மாதத்துச் சேமிப்புக்கூட இல்லாதவர்கள் எத்தனை மாதம் வெளியே நிற்க முடியும் என்றும், அவர்களை நிற்கச் சொன்ன தலைவர்களுள் அவர்கள் தெருவைச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்றும் கேட்டாள். அந்த இரண்டு கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு எழுதப்படும் தொழிற்சங்க சரித்திரம் பூரணமாகாது. ஒன்று சேர்வது உழைப்பவர்களுக்கு இயற்கையாக வாய்த்துவிடுவதன்று, முயன்று உண்டாக்க வேண்டியது என்பதை ஒரு விரிவுரை முழுவதும் சொல்லி விளங்க வைத்திருக்க முடியாது.

வீட்டுப் பாடமாக நான் கொடுப்பது, குடும்பத்தில் வேலைக்குப் போகும் ஒருவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்து வருவது. இது சுலபமான காரியம் அன்று. சம்பாதிக்கும் தொகையைப் பிள்ளைகளிடம் சொல்லத் தகப்பன்மார் கூசுகிறார்கள். சிலர் அதட்டி அனுப்பிவிடுகிறார்கள். சீட்டே தரப்படாத வேலைகளில் இருப்பவர்கள் எதைக் காட்டுவார்கள்? தாம்பரத்துக்கு அப்பால் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்த தாயாரின் சீட்டை ஒரு மாணவி கொண்டு வந்தாள். மடித்து மடித்து நான்கு மூலையும் நைந்திருந்த அந்தக் காகிதத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப். 12 விழுக்காடு, இ.எஸ்.ஐ. முக்கால் விழுக்காடு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, ஓ.டி. என்ற கட்டத்தில் மட்டும், கூடுதல் நேரத்துக்குச் சட்டம் சொல்லும் இரட்டை ஊதியத்துக்குப் பதிலாக, சாதாரண ஊதியமே கணக்கிடப்பட்டிருந்தது. மாணவி பெருக்கிப் பார்த்தாள். மறுபடியும் பெருக்கிப் பார்த்தாள். அம்மாவிடம் சொன்னாயா அம்மா என்று அடுத்த வாரம் கேட்டேன். "சொன்னேன் சார். தெரியும்னு சொன்னாங்க. கேட்டா லைனை மாத்திடுவாங்களாம்" என்றாள். அறியாமைதான் தொழிலாளியின் பெரிய எதிரி என்று எழுதுகிறவர்கள் இந்தப் பதிலை யோசிக்க வேண்டும். அந்தத் தாயாருக்குச் சட்டம் தெரிந்திருந்தது. கேட்கும்போது பக்கத்தில் நிற்க ஆள்தான் இல்லை. சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதன் தாத்பரியத்தை அன்றைக்கு வகுப்பு கேட்டதுபோல் வேறு நாளில் கேட்டதில்லை.

கடைகளில் நிற்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். கேரளத்தில் அதற்குச் சில வருஷங்கள் முன்பே அப்படி ஏற்பட்டிருந்தது. அந்தச் சட்டம் கடைக்குள் வந்திருக்கிறதா என்று பார்த்து வரும்படி மாணவர்களைத் தியாகராய நகருக்கு அனுப்பினேன். பல கடைகளில் முக்காலி இருந்தது. அவற்றுள் சிலவற்றின்மேல் பிரித்துக் காட்டிய சேலைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும் மேற்பார்வையாளர் பக்கம் பார்த்துவிட்டு நின்றபடியே இருந்த ஒரு பெண், எங்கள் மாணவியிடம், "உட்காரலாம் அக்கா, யாரும் வேண்டான்னு சொல்லல" என்று மட்டும் சொன்னாளாம். சட்டத்துக்கும் அதை அனுபவிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை நான் பலகையில் எழுதி விளக்க நினைத்திருந்த வகுப்பு, அந்த வாக்கியத்தைப் பற்றிய விவாதத்திலேயே கழிந்தது.

வருஷக் கடைசியில் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிர்வாகமாகவும் மறுபாதியைச் சங்கமாகவும் உட்காரவைத்துப் போனஸ் பேச்சுவார்த்தை நடத்தச் சொல்வேன். தகராறுகளை நியாயமன்றங்களுக்கு அனுப்புவதைவிட இரு தரப்பும் நேரில் பேசித் தீர்ப்பதே மேல் என்று உறுதியாக நம்பிய வி.வி. கிரி, வங்கி ஊழியர் தீர்ப்பில் அரசாங்கம் கை வைத்ததை ஏற்காமல் 1954இல் மத்தியத் தொழிலாளர் மந்திரி பதவியையே விட்டு விலகியவர் என்ற கதையை முன்னதாகச் சொல்லியிருப்பேன். விசித்திரம் என்னவென்றால், அதுவரை தொழிலாளருக்காக உருகிய பிள்ளைகள் நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்ததும், கொடுக்க முடியாது என்பதற்குக் காரணம் தேடுவதில் அபார சாமர்த்தியம் காட்டினார்கள். அவர்கள் மனம் கெட்டுவிடவில்லை, நாற்காலியின் கணக்கு அப்படி. சங்கத் தரப்பில் உரக்கப் பேசியவர்கள் ஒன்றும் பெறவில்லை. ஓட்டல் கல்லாவில் இருந்த அந்தப் பெண், கம்பெனியின் லாபநஷ்டக் கணக்கைக் காட்டும்வரை அடுத்த வார்த்தை பேசுவதில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பேரம் அங்கே திரும்பியது.

பிற்காலத்து வகுப்புகளில் புதுவிதமான மாணவர்கள் வந்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களை வீடு வீடாய்க் கொண்டு சேர்த்துவிட்டு, ஹெல்மெட்டோடு வகுப்புக்கு வந்த ஒருவன், எந்த வாசலில் நின்று கோரிக்கை வைப்பது, யாரிடம் மனுக் கொடுப்பது என்று கேட்டான்; அவனுக்கு வேலை கொடுப்பதும் அபராதம் போடுவதும் கையிலிருந்த போன். 2023இல் தமிழ்நாடு அரசு இத்தகைய ஊழியருக்கு நலவாரியம் ஏற்படுத்தியதை அவனுக்குச் சொன்னேன். நலவாரியம் உதவிப்பணம் தரும்; கட்டணத்தைக் குறைத்தவனோடு யார் பேசுவார்கள் என்பது அவன் அடுத்த கேள்வி. பெரம்பூர்த் தொழிலாளிக்கு ஆலைக் கதவாவது கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தத் தாளை நிர்வாக உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கான பயிற்சியாக மட்டும் சர்வகலாசாலைகள் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. இயற்பியல் படிப்பவனும் இலக்கியம் படிப்பவளும் நாளை ஒரு மேஜையின் இந்தப் பக்கத்திலோ அந்தப் பக்கத்திலோ உட்காரத்தான் போகிறார்கள். அவர்களுக்கும் ஒரு வருஷம் இது வேண்டும், அதுவும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வந்து உட்காரக்கூடிய மாலை நேரத்தில், சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் வந்து பேசும்படியாக வேண்டும். என்னிடம் படித்தவர்களுள் ஒருவன் இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பர்சனல் ஆபீசர். அவனோடு படித்த மாணவி ஒருத்தி அதே வட்டாரத்தில் சங்க வேலை செய்கிறாள். கான்ட்ராக்ட் தொழிலாளரை நிரந்தரமாக்கும் ஒரு பேச்சுவார்த்தையில் இருவரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தபோது, 1970ஆம் வருஷச் சட்டத்தின் ஒரே பிரிவுக்குத் தத்தம் பொருளைச் சொல்லி, எது சரி என்று இருவருமே எனக்குப் போன் செய்தார்கள். இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பேச்சு இன்னும் முடியவில்லை.