கட்டிலுக்குப் பின்னால் ஒரு கோர்ட்

காஃப்காவின் 'விசாரணை' என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓர் ஆப்பிள். முப்பதாவது பிறந்தநாள் காலையில் யோசெஃப் க.வைக் கைது செய்ய வந்த காவலர்கள் அவனுடைய காலை உணவைத் தின்றுவிடுகிறார்கள். காசு கொடுத்தால் எதிர்க் காப்பிக்கடையிலிருந்து சிற்றுண்டி வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். அவனோ முந்தின இரவே எடுத்துவைத்த ஆப்பிளைக் கடித்தபடி கட்டிலில் சாய்கிறான். கைதானவன் அன்றே வங்கி வேலைக்கும் போகலாமாம்.

ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்த புத்தகத்தில்தான் இதைப் படித்தேன். சிரிப்பு வந்தது. இவ்வளவு கனமான நாவலுக்குச் சிரிக்கலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. நண்பர்களுக்கு முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டியபோது காஃப்காவே சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார் என்று அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருப்பதைப் பின்னால் பார்த்தேன். கூச்சம் போயிற்று.

சிரிப்பு என்றால் தச்சர் லான்ஸ் இல்லாமலா? ஞாயிற்றுக்கிழமை க.வை விசாரணைக்கு வரச் சொன்னவர்கள் எந்த மாடி, எந்த அறை என்று சொல்லவில்லை. ஏழைகள் நெருக்கியடித்து வாழும் கட்டிடத்தில் கோர்ட் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, இல்லாத ஒரு தச்சரின் பெயரைச் சொல்லி வீடுவீடாக விசாரிக்கிறான். தொட்டியில் குழந்தைத் துணி துவைக்கும் ஒரு பெண், ஈரக் கையால் உள்ளே காட்டுகிறாள். உள்ளே கோர்ட்!

காஃப்கா இந்த நாவலை எழுதத் தொடங்கிய வருஷம் 1914. ஜூலையில் பெர்லின் ஹோட்டல் ஒன்றில் ஃபெலிஸ் பாவருடனான நிச்சயதார்த்தம் முறிந்தது. அந்தச் சந்திப்பையே ஒரு கோர்ட் என்று நாட்குறிப்பில் எழுதினார் காஃப்கா. ஆகஸ்டில் நாவலைத் தொடங்கினார், வெளியே உலகப்போர். பகலில் அவர் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் சட்டம் படித்த அதிகாரி. கோப்புகள் எப்படி நகரும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் கைவந்த பாடம்.

அதனால்தான் கோர்ட்டின் ஓவியன் டிட்டொரெல்லி அத்தனை நிஜமாக இருக்கிறான். காற்றில்லாத மாடியறையில் உட்கார்ந்து விடுதலையை வகைபிரிக்கிறான். உண்மை விடுதலையை அவன் கண்டதே இல்லை. தோற்ற விடுதலை கிடைத்தவன் வீடு சேர்வதற்குள் மறுபடி கைதாகலாம். மூன்றாவது, முடிவே இல்லாத வாய்தா. பேசி முடித்து ஒரே மாதிரியான ஓவியங்களை க.வின் தலையில் கட்டுகிறான். வெளியே போகும் கதவு கட்டிலுக்குப் பின்னால். கட்டிலைத் தாண்டித் திறந்தால் அங்கேயும் கோர்ட் அலுவலகம். பேராலய அத்தியாயத்தில் வரும், சட்டத்தின் வாசலில் ஒருவனைக் காக்கவைக்கும் வாயிற்காவலன் கதையைத்தான் எல்லோரும் அலசுகிறார்கள். எனக்கென்னவோ அதைவிட இந்தக் கட்டில்தான் பெரிது.

சிற்றுண்டி வாங்கித் தருகிறோம் என்றார்களே அந்தக் காவலர்கள், அவர்கள் மறுபடி வருகிறார்கள், வங்கியின் தட்டுமுட்டு அறையில். க. கொடுத்த புகாருக்காகச் சவுக்கடி வாங்குகிறார்கள். மறுநாள் கதவைத் திறந்தாலும் அதே அடி, அதே ஓலம். இங்கே மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காஃப்கா எரித்துவிடச் சொன்ன கையெழுத்துப் பிரதியை எரிக்காமல் 1925-இல் அச்சேற்றியவர் பிராட். தனித்தனிக் கட்டுகளாகக் கிடந்த அத்தியாயங்களை வரிசைப்படுத்தியவரும் அவரே. அந்த வரிசை காஃப்கா போட்டதல்ல. ஆகவே, பாதியில் மூடிவைத்தவர்கள் தயங்காமல் ஓவியனின் அறையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.