மஞ்சள் கப்ளர்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்தின் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு ஓய்வில்லை. தானாக அலறும் ஹாரன், எலி கடித்த வயர், ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கும். கரமனைப் பக்கத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து நான் கவனித்தது வேறொன்றை: அணையாமல் எரியும் ஏர்பேக் விளக்கு.

கடைக்காரர் மார்த்தாண்டத்துக்காரர். வேலை பழகும் பையன்களுக்கு அவர் ‘ஆசான்’. புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். 2021 முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்கும் வந்தது. அதனால் இப்போது சின்ன வண்டிகளும் இந்த விளக்கோடு வருகின்றன.

அன்று வந்தது தண்ணீர் தேங்கிய தெருவில் நின்றிருந்த கார். ஸ்கேனர் சொன்னது இவ்வளவுதான்: ஓட்டுநர் சீட்டின் சைடு ஏர்பேக் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் அதிகம். பழுது எந்த இடத்தில் என்று அது சொல்லாது. ஆசான் சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, சும்மா நின்றார். விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் சேமிப்பில் இருக்கும். அது வடிய சில நிமிடங்கள் வேண்டும். அந்த நேரத்தில் பையன்களில் ஒருவன் மல்டிமீட்டரை எடுத்து வர, அதட்டித் திருப்பி அனுப்பினார். ஏர்பேக்கை நேராக மீட்டரில் அளக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதைப் பற்றவைத்துவிடக் கூடும். பற்றினால் கண் இமைப்பதற்குள் பை விரிந்துவிடும்.

பிறகு சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயரை இணைக்கும் மஞ்சள் கப்ளரைப் பிரித்து, ஏர்பேக் இருந்த இடத்தில் சுமார் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகி, பேட்டரியை மாட்டி, மறுபடி ஸ்கேன் செய்தார். ஸ்கேனர் காட்டிய பழுதுக் கோட் மாறவில்லை. ஆக, பை நல்லது. பழுது வயரிங் பக்கம். கார்ப்பெட்டுக்கு அடியில் கம்பியைப் பின்தொடர்ந்து போனால், இன்னொரு கப்ளரின் பின்களில் பச்சையாகக் களிம்பு. ஒன்றிரண்டு ஓம் கூடினாலே விளக்கு எரியும். இது அதற்குத் தாராளம்.

சோதனைக்குப் பயன்பட்ட அந்த ரெசிஸ்டர்தான் இந்தத் தொழிலின் ஏமாற்றுக் கருவியும். விபத்தில் விரிந்த பைக்குப் பதில் புதுசு போடாமல் ரெசிஸ்டரை உள்ளே விட்டு மூடிவிட்டால் விளக்கு அணையும். வாங்குபவர் பை இருப்பதாக நம்பி ஓட்டுவார். இது எனக்குக் கொலைக்கு ஒப்பான காரியமாகப் படுகிறது. நான் இருந்தபோதே ஒருவர், “அணைச்சுக் குடுத்தா போதும், விக்கத்தான் போறேன்” என்று வந்தார்.

“அதில நான் கை வைக்க மாட்டேன். வாங்குறவன் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போவாம்லா?” என்றார் ஆசான். வந்தவர் போய்விட்டார். மழைக்காலத்தில் ஒரு கிராக்கியை இப்படி அனுப்புவது லேசான காரியமல்ல.

ஈரம் வயருக்கு மட்டும் பகையல்ல. டகாட்டா நிறுவனத்தின், ஏர்பேக்கை ஊதும் இன்ஃபிளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது உலோகத்தைச் சிதறடித்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான இன்ஃபிளேட்டர்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017இல் நிறுவனம் திவாலானது. கடலோர ஊர்க்காரர்கள் திரும்ப அழைப்பு அறிவிப்பை அலட்சியம் செய்யக் கூடாது.

களிம்பேறிய பின்களை மாற்றி, ஸ்கேனரில் அந்தக் கோட் பதிவை அழித்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிறகே ஆசான் சாவியைக் கொடுத்தார். “கார்ப்பெட்டக் கழட்டி வெயில்ல போடுங்க, அடியில ஸ்பாஞ்சில இன்னும் வெள்ளம் நிக்குது. காயாம மாட்டினா லைட்டு திரும்ப வரும்.”