முகத்துவாரத்து மணல்

யான் எமது கல்லூரியிற் கற்ற காலத்தில், ஒரு மார்கழி மாரியிலே மட்டக்களப்பு வாவி பெருகிற்று. முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்திருந்தமையால், படுவான்கரையில் எந்தையாரின் இளம்பயிர் நீரில் மூழ்கிற்று. ஊரார் கூடி மண்வெட்டியால் ஒரு முழ அகலத்தில் வாய் வெட்டினர். முதலில் சிறிதளவு நீரே ஓடிற்று. ஓடிய நீர் மணலை அரித்தது; அரித்த இடம் அகன்றது; அகன்றமையால் நீர் மேலும் விரைந்தது. மாலைக்குள் அஃது ஓர் ஆறாயிற்று. ஆயினும் நாம் இரு நாட் பிந்தியிருந்தோம், பயிர் அழுகிப்போயிற்று.

பின்னாளிற் கணிதம் பயின்றபோது அக்காட்சியே என் கண்முன் நின்றது. பிரான்சுதேசத்துப் பாலப் பொறியியலாளர் நாவியே, மீள்தன்மையுள்ள திண்மங்களுக்கு 1821இலும் பிசுக்குமையுள்ள பாய்பொருள்களுக்கு 1822இலும் சமன்பாடுகளை வகுத்தார். ஓடும் நீரில் வளையுந் தோணிக்கோலைக் கணிக்க அவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்; கோலை நீர் வளைக்க, வளைந்த கோல் நீரின் போக்கை மாற்றும். நீரும் மணலும் அவ்வாறே ஒன்றன் எல்லையை மற்றொன்று மாற்றுவன. தனித்தனியே தீர்த்தல் இயலாது.

முந்தி வெட்டினால் உவர்நீர் ஏறும். பிந்தினால் வயல் அழியும். வெட்டும் நாளைக் கணிக்க இன்று கணினி துணைசெய்யும். ஆனால் மேட்டின் உயரத்தையும் மணலின் பருமனையும் அங்கு நின்று அளப்பவரே அதற்குச் சொல்லல் வேண்டும். இளைய மாணவர்களே, சமன்பாட்டை மனனஞ் செய்யுமுன் ஒருநாள் முகத்துவாரத்திற்குச் சென்று வாருங்கள்.