இரண்டு கட்டில் அறை

வெள்ளி இரவு

‘தி ரூம்மேட்’ பார்த்து முடித்தேன். ஒன்றரை மணி நேரப் படம். வருத்தமாக இருக்கிறது, கோபமும் வருகிறது. இவ்வளவு நல்ல கருவைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டிருக்கிறார்கள்.

ஐயோவா மாநிலத்திலிருந்து ஃபேஷன் டிசைன் படிக்க லாஸ் ஏஞ்சலஸ் வருகிறாள் சாரா. விடுதியில் அவளோடு தங்குபவள் ரெபெக்கா. பணக்கார வீட்டுப் பெண், நன்றாக ஓவியம் வரைபவள், தோழிகளே இல்லாதவள். இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகம் சேர்த்து வைத்தது. விடுதியில் தங்கிப் படித்த யாருக்கும் அந்த முதல் வாரம் மறக்காது. சாப்பிடப் போகலாமா என்று ஒருத்தி கூப்பிட்டுவிட்டால் போதும், அவளே எல்லாம் என்று ஆகிவிடும். அந்த ஒட்டுதல் எப்போது மூச்சுமுட்டத் தொடங்குகிறது, அதை முகத்துக்கு நேரே சொல்ல ஏன் வாய் வருவதில்லை? கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. படமோ அந்த இடத்தில் நிற்கவே இல்லை. ரெபெக்கா அறிமுகமாகும்போதே இசை அவளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சாராவுக்குத் தெரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சனி

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ‘சிங்கிள் ஒயிட் ஃபீமேல்’ படத்தை மறுபடி போட்டேன். 1992இல் பார்பே ஷ்ரோடர் எடுத்தது; ஜான் லட்ஸின் நாவலிலிருந்து வந்தது. நியூயார்க்கில் தனியாக இருக்கும் ஆலி, அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடி விளம்பரம் கொடுக்கிறாள். வருபவள் ஹெடி.

‘தி ரூம்மேட்’ எதையெல்லாம் இங்கிருந்து தூக்கியிருக்கிறது என்று பார்க்கப் பார்க்க மனம் கசந்தது. பழைய படத்தில் ஜன்னல் வழியே விழுந்து சாகும் நாய்க்குட்டி, புதியதில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போடப்படும் பூனைக்குட்டி. பழையதில் ஹெடி, ஆலியைப் போலவே வேடமிட்டு அவளுடைய காதலனின் ஹோட்டல் அறைக்குப் போய்க் கொலை செய்கிறாள். புதியதில் ரெபெக்கா, சாராவைப் போல மாறி அவளுடைய முன்னாள் காதலனின் ஹோட்டல் அறைக்குப் போகிறாள். அங்கேயும் கொலைதான். கதையைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. எல்லாத் தலைமுறையும் செய்வதுதான். ஆனால் நாய்க்குட்டி ஏன் சாகிறது என்பதையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். ஆலிக்காக அந்தக் குட்டியை வாங்கி வந்தவளே ஹெடிதான். அது தன்னை விட்டு ஆலியிடம் ஒட்டிக்கொண்டதை அவளால் தாங்க முடியவில்லை. பூனைக்குட்டியின் சாவுக்குப் பின்னால் அப்படி ஒரு வலி இல்லை, அதிர்ச்சி மட்டும்தான் இருக்கிறது.

முடிதிருத்தகக் காட்சியை இரண்டாம் முறையும் ஓடவிட்டேன். படியிறங்கி வருகிறாள் ஹெடி. ஆலியின் அதே சிவந்த குட்டை முடி, அதே வெட்டு. ஹெடியாக நடிக்கும் ஜெனிஃபர் ஜேசன் லீ அதுவரை தோளைக் குறுக்கி, தொளதொள உடைக்குள் ஒளிந்திருந்தவர். இப்போது நிமிர்ந்து நடக்கிறார், முகத்தில் சந்தோஷம். ஆலியாக வரும் பிரிட்ஜெட் ஃபோண்டாவின் முகத்தில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கத்தியில்லை, இரத்தமில்லை, ஆனால் வயிற்றைப் பிசைகிறது.

ஞாயிறு

நேற்று அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் புதிய படத்தின் அடிப்படைப் பிழை பிடிபட்டது. சாராவாக வரும் மின்கா கெல்லியும் ரெபெக்காவாக வரும் லெய்ட்டன் மீஸ்டரும் முதல் காட்சியிலேயே அக்கா தங்கை மாதிரி இருக்கிறார்கள். அதே நீளக் கூந்தல், ஏறக்குறைய அதே நிறம், அதே பளபளப்பு. ஏற்கெனவே ஒத்திருப்பவள் இன்னும் கொஞ்சம் ஒத்துப்போனால் யாருக்கு என்ன பயம்? ஒருத்தி இன்னொருத்தியாக மாற வேண்டுமானால் நடுவில் கடக்க ஒரு தூரம் வேண்டும்.

மீஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். சாராவின் இறந்துபோன அக்காவின் பெயர் எமிலி. அந்தப் பெயரை ரெபெக்கா தன் நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டுகிறாள்; இனி நானே உனக்கு எமிலி என்கிறாள். படத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த ஒரே இடம். மீஸ்டரின் கண்ணில் பரிசு கொடுக்கும் குழந்தையின் ஆவல் தெரிகிறது. மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் சாரா தவித்திருக்க வேண்டிய காட்சி. பழைய படத்தில் இரட்டைச் சகோதரியைப் பறிகொடுத்தவள் ஹெடி. இங்கே இழப்பு சாராவுக்கு மாறியிருக்கிறது. நல்ல மாற்றம், புதிதாக ஒரு படமே பண்ணியிருக்கலாம். ஆனால் இயக்குநர் கிறிஸ்டியன் ஈ. கிறிஸ்டியன்சன் அவசரமாக அடுத்த மிரட்டலுக்குப் போய்விடுகிறார். புற்றுநோயோடு மருத்துவமனையில் இருக்கும் இளம்பெண்களைப் பற்றிய குறும்படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் அவர். ஒரே கூரையின் கீழ் பெண்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்குவார்கள் என்று தெரிந்த கலைஞர் என்பதால்தான் ஏமாற்றம் அதிகம்.

அதைவிட மனதைப் புண்படுத்தியது மாத்திரைக் குப்பி. ரெபெக்காவின் வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும்போது, மகள் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாளா என்று சாராவிடம் கேட்கிறார் அவளுடைய அம்மா. பிறகு அறையில் சாப்பிடாத மாத்திரைகள் கிடைக்கின்றன. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் கொடுக்கும் மருந்து. அதோடு விளக்கம் முடிந்தது: மருந்தை நிறுத்தினாள், கொலைகாரி ஆனாள். அந்த நோய்களோடு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் மற்றவர்களால் அதிகம் துன்பப்படுகிறார்கள். கல்லூரியில் சேரும் வயதில்தான் பலருக்கு இந்த நோய்கள் முதன்முதலில் தலைகாட்டுகின்றன. இந்தப் படத்தைப் பார்க்கும் மாணவி ஒருத்தி, தன் மாத்திரையை அறைத்தோழியின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கத்தானே செய்வாள்?

செவ்வாய்

2011 பிப்ரவரியில் வெளியான வாரம் அமெரிக்க வசூலில் ‘தி ரூம்மேட்’தான் முதலிடம். செலவு ஏறக்குறைய 1.6 கோடி டாலர். முதல் மூன்று நாளிலேயே 1.5 கோடி வந்துவிட்டது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே திரையிடவும் இல்லை. இளவட்டங்கள் தியேட்டருக்கு வந்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள், கணக்குப் பலித்தது. வந்த இளைஞர்களுக்கு நியாயம் செய்தார்களா என்பது வேறு கேள்வி.

முடிவைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. ரெபெக்கா இறந்த பிறகு சாரா விடுதிக்குத் திரும்புகிறாள். இப்போதைய காதலன் உதவியோடு அந்த இன்னொரு கட்டிலை வெளியே தள்ளுகிறாள். கொஞ்ச நாளைக்கு அறைத்தோழியே வேண்டாம் என்கிறாள். அவ்வளவுதான். ‘சிங்கிள் ஒயிட் ஃபீமேல்’ கடைசியில் ஆலி, ஹெடியை மன்னித்துவிட்டதாகவும் ஹெடியின் சாவுக்காகத் தன்னை மன்னிக்க முயல்வதாகவும் சொல்வாள். தன்னைக் கொல்ல வந்தவளுக்காகவும் துக்கப்படுகிறவள் அவள். சாராவுக்கு அப்படி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. தன் அக்காவின் பெயரை உடம்பில் சுமந்தபடி செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க, படத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.