உப்பு பூக்கும் சுவர்

லீட்ஸில் நாங்கள் வாங்கியது விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் வீடு. முன்னறையில் ஒரு கணப்பு. அதைச் சுற்றி 1950களின் பழுப்பு டைல்ஸ் முகப்பு, பழைய போஸ்ட் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. அதோடு குடித்தனம் நடத்தியிருப்பேன். ஆனால் அதற்கு மேலே, புகைபோக்கிச் சுவரில், ஏழடி உயரத்தில் ஒரு ஈரக்கறை இருந்தது. மழை நாளில் பெரிதாகும். மகளுக்கு நாலு வயது. போன குளிர்காலம் முழுக்க இருமினாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, வீட்டில் ஈரம் உண்டா என்பதுதான்.

ஈரத்தடுப்பு வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கருவியின் இரண்டு ஊசிகளைக் கறையில் குத்தினார், முள் சிவப்புக்கு ஏறியது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதாம். துளை போட்டு ரசாயனம் ஏற்றி, சிமெண்ட் பூச வேண்டுமாம். கீழே சுவர் காய்ந்து கிடக்கிறதே என்றேன். சிரித்தார். லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்கிறவர்களோடு பத்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

காரணத்தைச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பூச்சுக்காரர். கறையைத் தொட்டுப் பார்த்து, "நிலக்கரி" என்றார். நிலக்கரிப் புகை நீராவியோடு சேர்ந்து உட்சுவரில் படியும்போது குளோரைடு, சல்ஃபேட் என்று உப்புகள் செங்கல்லுக்குள் இறங்குகின்றன. நெருப்பு அணைந்து எத்தனை வருடமானாலும் அவை அங்கேயே இருக்கும். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த கல்லுப்பு நசநசப்பது போலக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கும் ஒழுகவே வேண்டாம். அந்தக் கருவி அளப்பது மின்கடத்தலை. உப்பு இருந்தாலும் முள் ஏறும்.

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் ஐந்து நாள் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஊர் ஊராக நிலக்கரி போய் கேஸ் வந்தது, கணப்புகளைப் பலகை வைத்து அடைத்தார்கள். எங்கள் வீட்டில் அடைத்தவர் ஒரு காற்றுத் துளைகூட விடவில்லை. அத்தனை வருடம் மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்த காற்று அன்றோடு நின்றது.

அந்தப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த பிறகே கை வைத்தோம். முகப்பின் இரு பக்கமும் பூச்சைக் கொத்தினால் உள்ளே இரும்புக் காதுகள், துருவேறிய திருகாணிகள். கடப்பாரையால் நெம்பி, பழைய மெத்தைமேல் சாய்த்தோம். டைல்ஸுக்குப் பின்னால் முழுக்கக் கான்கிரீட். இருவருக்கும் மூச்சு வாங்கியது. பின்னால் மூட்டை மூட்டையாகக் கரி. மேலே சுவரைத் தட்டிக்கொண்டே போனோம். 'பொக் பொக்' என்ற இடமெல்லாம் செங்கல் தெரியும்வரை உரித்தோம். பெயர்ந்த காரைக்குள் பழுப்பு நிறத்தில் முடி! மாட்டு முடியோ குதிரை முடியோ, விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் கலந்தது.

அம்மா வீடியோ காலில் பார்த்தாள். "ஏண்டா, இவ்ளோ பெரிய அடுப்ப வச்சுக்கிட்டு சமைக்கவே மாட்டாங்களா?" சுண்ணாம்பு பூசப் போகிறேன் என்றதும் குரல் மாறியது. காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவள். "நல்லா நீத்துனதான்னு பாரு. அவசரப்படாத. ஈரச் சாக்கு போடு." பெரியவரும் யார்க்‌ஷயர் இங்கிலீஷில் இதையேதான் சொல்லியிருந்தார், கடுக்காய்த் தண்ணீர் தவிர.

பழைய சாமான் கடையில் வாங்கிய வார்ப்பிரும்பு முகப்பை முதலில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, காதுகளை வெறும் செங்கல்லிலேயே முடுக்கினோம். பிறகுதான் பூச்சு, அப்போதுதான் விளிம்பு மறையும். சுவரை நனைத்து, மூன்று கை. ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டருக்குள். சிமெண்ட் மாதிரி மறுநாளே இறுகுகிற சமாச்சாரம் இல்லை. காளவாயில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, மெல்ல மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. அடுத்த கைக்குக் காத்திருந்த வாரங்களில் பொறுமை இழந்த மனைவி, "இது எப்ப ரிலீஸ்?" என்றாள். கணப்பில் நெருப்பு மூட்டப்போவதில்லை. காற்றோட்டத்துக்கு உள்ளே ஒரு கம்பிச் சல்லடை, உச்சியில் மழைத்தொப்பி.

அக்டோபர் மழை தொடங்கிவிட்டது. பூசிய இடத்தில் வெள்ளையாக மாவு பூக்கிறது. வரும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஈரத்துணி படக்கூடாது, உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். தினமும் மகள் எழுந்திருப்பதற்கு முன் உலர்ந்த தூரிகையால் பெருக்கி ஒரு டப்பாவில் சேர்க்கிறேன். இதுவரை அரை டம்ளர் தேறும்.