கழித்து எடுத்த கன்று

வாழைக் கன்று வாங்கப் போகிறவர்கள் கன்றைத்தான் பார்க்கிறார்கள். ஈட்டி போலக் குறுகிய இலை விட்டிருக்கிறதா, அகன்ற இலையோடு நிற்கும் நீர்க்கன்றா, கிழங்கில் கூன்வண்டு குடைந்த துளை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, ஒன்றரை இரண்டு கிலோ எடையுள்ள கன்றுகளாகப் பொறுக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். இந்தப் பார்வை வேண்டியதுதான். நீர்க்கன்றுக்குக் கிழங்கில் சேமிப்பு குறைவு. அதை நட்டால் மரமும் தாமதம், தாரும் சிறுசு. ஆனால் நல்ல தோட்டத்துக்கும் கெட்ட தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கன்றைப் பெயர்ப்பதற்கு முன்பே, தாய்மரம் நிற்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கட்சி. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் படுகைகளில் தார் வெட்டி, மரத்தைச் சாய்த்த பிறகுதான் கன்று பெயர்க்கும் வேலை தொடங்குகிறது. குவியலில் கிடக்கும் கன்றின் தாய் எப்படி நின்றது, எப்படிக் குலை தள்ளியது என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

தாய் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நெல்லை ஒப்பிட்டால் விளங்கும். டெல்டாவில் இரண்டும் ஒரே காவிரித் தண்ணீரில் விளைகின்றன. பிறக்கும் விதம் மட்டும் வேறு. நெல்மணிக்குள் இருப்பது மகரந்தமும் சூலும் சேர்ந்து உருவான புதுக் கரு. நெல் தன் பூவிலேயே மகரந்தச் சேர்க்கை முடித்துக்கொள்வதால் பிள்ளை பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். ஆனாலும் அது தனி உயிர். வயலையே மஞ்சளாக்கும் துங்ரோ நச்சுயிரி விதை வழியாக அடுத்த பட்டத்துக்கு வருவதில்லை. வாழைக் கன்றோ தாயின் கிழங்கிலேயே, இலையடி ஒட்டிய கணுவில், மொட்டாகக் கிளம்புகிறது. தாயின் உடம்பில் ஒரு பகுதிதான் அது. நாம் தண்டு என்று சொல்வது இலையுறைகளின் சுருள். உண்மைத் தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதன் உச்சியிலும் பக்க மொட்டுகளிலும் செல்கள் இடைவிடாமல் பிரிகின்றன. 1882இல் ஜெர்மானியர் வால்தர் பிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களில் பார்த்து எழுதிய அதே பிரிவுதான் இங்கும் நடக்கிறது: குரோமோசோம்கள் இரட்டித்து, நடுவில் வரிசைகட்டி, இரு பக்கமும் சமமாக விலகுகின்றன. பூவனின் செல்லில் 33 குரோமோசோம்கள். பிரிந்த இரண்டு செல்களிலும் அதே 33. இந்தப் பிரிவு எதையும் கலைத்து அடுக்குவதில்லை, எதையும் வடிகட்டுவதும் இல்லை. செல்லில் நச்சுயிரி புகுந்திருந்தால், கிழங்கின் குழாய்களில் வாடல் பூஞ்சாணம் ஏறியிருந்தால், அதுவும் கன்றோடு சேர்ந்தே வரும்.

இங்கே கனமான ஒரு மறுப்பு உண்டு. கன்றுகள் எல்லாம் மரபில் ஒன்றே என்றால் தாயைத் தேர்ந்தெடுப்பதில் என்ன பொருள்? டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சென் 1903இலேயே பீன்ஸ் விதைகளை வைத்து இதைக் காட்டிவிட்டார். ஒரே தூய வழியில் வந்த விதைகளில் பெரியதை விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி ஒன்றாகவே இருந்தது. வாழைக்கும் இது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாய்க்கால் ஓரத்தில், எருக்குழிக்குப் பக்கத்தில் நின்றதால் பன்னிரண்டு சீப்புத் தள்ளிய மரத்தின் கன்றை நடுவயலில் நட்டால் பன்னிரண்டு சீப்பு வராது. பெரிய தாருக்காகத் தாய் தேடுவது அநேகமாக வீண் வேலை. ஆனால் யோஹான்சென் சொன்னது தூய வழிக்குள் தேர்வால் மேலே ஏறவோ கீழே இறங்கவோ முடியாது என்பதைத்தான். பிழையால் கீழே இறங்காது என்று அவர் உத்தரவாதம் கொடுக்கவில்லை. செல் பிரியும்போது அபூர்வமாகப் பிழை நேர்கிறது. செவ்வாழைத் தோட்டத்தில் திடீரென்று ஒரு மரம் பச்சைத் தண்டும் பச்சைக் காயுமாக நிற்பது அப்படி நேர்ந்ததுதான்; அதன் கன்றுகளும் பச்சையாகவே வரும். நிறம் கண்ணில் படுவதால் தெரிகிறது. காய் திரளாமை, குட்டையாதல், சீப்பு நெருங்காமை போன்ற பிழைகள் கண்ணில் படாமல் குவியலில் கலந்துவிடும். ஆகவே கன்று எடுக்கும் தொழிலின் சாரம் நல்லதைத் தேர்வதில் இல்லை, கெட்டதைக் கழிப்பதில் இருக்கிறது. மற்றப் பயிர்களில் விதை செய்யும் வடிகட்டலை வாழையில் மனிதக் கண்தான் செய்தாக வேண்டும்.

கழிக்க வேண்டியதைக் காட்டுவது தாய்மரம்தான். தொற்று ஏறியும் அறிகுறி காட்டாத கன்றுகள் உண்டு. மரத்தில் அது ஒளியாது. முடிக்கொத்து நோய் கண்ட மரத்தின் இலைக்காம்பை நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்தால், நரம்போடு கரும்பச்சையில் புள்ளியும் சிறு கோடுமாக இழுத்திருக்கும். புது இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நெருக்கியடித்து நிற்கும். அசுவினி பரப்பும் இந்த நோய் கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்தது. அசுவினியோடு, நோய் ஏறிய கன்றைத் தெரியாமல் நட்டதும் அந்த அழிவில் பங்கு கொண்டது. கொக்கான் நோயின் தெளிவான அடையாளம் பூமடலில் தெரியும் செம்பழுப்புக் கோடுகள். பூக்காத கன்றில் அதை எங்கே தேடுவது? வாடல் நோயில் அடியிலைகள் மஞ்சளித்து மடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும், தண்டின் அடி வெடிக்கும், கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையம் இருக்கும். அந்தப் பூஞ்சாணத்தின் வித்துகள் மண்ணில் பல்லாண்டு கிடக்கும். ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் அதற்கு எளிதில் இரையாகும், பூவன் தாங்கும். அடிபட்ட மண்ணில் மறுபடி ரஸ்தாளி வைக்கத் தயங்குவது அதனால்தான்.

திசு வளர்ப்புக் கன்று வந்த பிறகு இந்தப் பேச்செல்லாம் பழங்கதை என்பது அடுத்த மறுப்பு. திசு வளர்ப்பை நான் எதிர்க்கவில்லை. நூற்புழுவும் கூன்வண்டும் பூஞ்சாணமும் இல்லாத கன்று, ஒரே சமயத்தில் குலை தள்ளும் தோட்டம் இவையெல்லாம் பெரிய வரவு; விருப்பாட்சி திரும்ப மலையேறியதே பரிசோதித்த திசுக்கன்றுகளால்தான். ஆனால் ஆய்வகம் தாய்மரத்தின் முக்கியத்துவத்தைக் குறைக்கவில்லை, பெருக்கியிருக்கிறது. படுகையில் ஒரு கெட்ட தாய் ஐந்தாறு கெட்ட கன்று தரும்; குப்பியில் ஒரு வளர்முனை ஆயிரக்கணக்கில் தரும். நச்சுயிரி வளர்முனையோடு குப்பிக்குள் போய்விட்டால் கன்றோடு வெளியே வரும். 2006இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை திசுக்கன்றுகளுக்குச் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்து, தாய்ச்செடியிலேயே நச்சுயிரிப் பரிசோதனை வேண்டும் என்று வைத்தது இதற்காகத்தான். குப்பி மாற்றி மாற்றிப் பெருக்கப் பெருக்கக் குட்டை மரங்களும் விகார மரங்களும் கூடுவதால் சுற்றுகளுக்கு ஒரு வரம்பும் வைக்கிறார்கள். பூவனில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் மூன்று குரோமோசோம் தொகுதிகளில் இரண்டு மூசா அக்குமினேட்டாவிலிருந்தும் ஒன்று மூசா பால்பிசியானாவிலிருந்தும் வந்தவை. இலையில் மஞ்சள் கீற்று உண்டாக்கும் நச்சுயிரியின் துண்டுகள் பால்பிசியானாவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே பதிந்து கிடக்கின்றன. வறட்சி, குளிர், சில கலப்பினங்களில் திசு வளர்ப்பு கொடுக்கும் நெருக்கடியே கூட அதைத் தட்டி எழுப்பும். வெளியிலிருந்து தொற்றியதைக் கழுவலாம். இது ஒவ்வொரு செல் பிரிவிலும் தானும் நகலாகிக்கொண்டே வருவது. கீற்று கடுமையாகத் தெரியும் மரத்தின் கன்றை எடுக்காமல் விடுவதுதான் நம் கையில் இருக்கிறது.

விதையாலேயே புது வாழை உருவாக்கினால் என்ன என்றும் கேட்கலாம். அந்த முயற்சி நம் மண்ணிலேயே தொடங்கியது. 1949இல் ஆடுதுறையில் இருந்த மத்திய வாழை ஆராய்ச்சி நிலையத்தில்தான் இந்தியாவின் வாழைக் கலப்பு வேலை ஆரம்பமானது. பிறகு கோயம்புத்தூரில் தொடர்ந்து, 1980களில் கோ 1 வெளிவந்தது. இத்தனை காலம் பிடித்ததில் வியப்பில்லை. மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாமல் தடுமாறுவதால் நல்ல சூலும் மகரந்தமும் உருவாவது அரிது; பழத்தின் நடுவில் காணும் கரும்புள்ளிகள் கருவாகாமல் நின்ற சூல்கள். ஆனால் புது ரகத்தின் தேவை குறையவில்லை. உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷேல் ரகம் பனாமா வாடலில் வீழ்ந்து, 1950களிலும் 60களிலும் கேவண்டிஷ் அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது கேவண்டிஷையும் வாட்டும் டிஆர்-4 பூஞ்சாணம் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் இருக்கிறது. கலப்பு ஆராய்ச்சி அவசியம், அதற்கு இன்னும் பணமும் ஆளும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அங்கிருந்து வரும் எந்த ரகமும் வயலுக்கு வந்த மறுநாளிலிருந்து கன்றாகத்தான் பெருகும்.

நடைமுறைக்கு ஒத்துவராது என்பது கடைசி மறுப்பு. குத்தகை நிலம், கூலி உயர்வு, இதில் மரம் மரமாகப் பார்த்துக் குறிக்க யாருக்கு நேரம்? ஆனால் பூ விட்டுக் காய் இறங்கும்போது காற்றுக்குச் சாயாமல் சவுக்குக் கம்பால் எப்படியும் முட்டுக் கொடுக்கிறோம். அன்று ஒவ்வொரு மரத்தடிக்கும் ஆள் போகிறார், நிமிர்ந்து தாரைப் பார்க்கிறார். உதிர்ந்த மடலும் காலடியில் கிடக்கிறது. தனியாக ஒரு நாள் கூலி இதற்குத் தேவையில்லை. முடிக்கொத்து கண்ட மரத்தை அன்றே கிழங்கோடு பெயர்த்து அழித்துவிட வேண்டும். மடலில் கோடு, வெடித்த அடி, இலைக்கீற்று, இனம் மாறிய காய் என்று எது தெரிந்தாலும் அந்த மரத்தில் சுண்ணாம்புப் பட்டை ஒன்று இழுத்துவிட்டால் போதும். தார் வெட்டிய பிறகு பட்டை உள்ள மரத்தடியில் கன்று பெயர்க்கக் கடப்பாரை இறங்கக் கூடாது. இப்படிக் கழித்து எடுத்த கன்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டால், வாங்குகிறவர் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.