அந்த வங்கி யாருடையது?

இந்த முறை ஒரு வங்கியின் கதை. காமர்ஸ் படிக்கிறவன் வங்கியைப் பற்றி எழுதுகிறான் என்றதும் ஓடிவிடாதீர்கள், டெபிட் கிரெடிட் எதுவும் வராது :)

தனியார்மயம் பற்றி எங்கள் பாடத்தில் சொல்வது ரொம்பச் சுருக்கம். அரசு வங்கி நஷ்டத்தில் ஓடும், தனியாரிடம் கொடுத்தால் லாபத்துக்கு வந்துவிடும். பரீட்சையில் இதை எழுதினால் ஐந்து மார்க் உறுதி. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டாவின் அரசு வங்கி கைமாறிய கதையைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வாங்குகிறவர் யார் என்ற கேள்வியே அந்தப் பாடத்தில் இல்லை.

உகாண்டா கமர்ஷியல் வங்கி, சுருக்கமாக யு.சி.பி., 1965-ல் அரசு வங்கியாகத் தொடங்கப்பட்டது. 1972-ல் இடி அமீன் இந்திய வம்சாவளியினரை நாட்டைவிட்டு விரட்டினார். நாட்டின் வியாபாரத்தில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருந்தது. அது படுத்துவிட்டதும் வெளிநாட்டு வங்கிகள் தலைநகர் கம்பாலாவோடு சுருங்கிக்கொண்டன. சின்ன ஊர்களில் மிஞ்சியது பெரும்பாலும் யு.சி.பி.தான். காபி விவசாயிக்கும், பள்ளி ஆசிரியருக்கும் வங்கி என்றால் அதுதான்.

அந்த வங்கி கடன் கொடுத்தே தேய்ந்தது. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்கள் வாங்கிய கடன் திரும்பவில்லை. 1987-ல் தொடங்கிய விவசாயக் கடன் திட்டத்திலும் பெரும்பகுதி வரவில்லை. 1995-ல் வாராக் கடன்களை வசூலிக்கத் தனியாக ஒரு அமைப்பையே உருவாக்கி, அவற்றை அங்கே தள்ளிவிட்டார்கள். கணக்குப் புத்தகம் கொஞ்சம் சுத்தமானதும் வங்கியை விற்கலாம் என்று முடிவானது. உலக வங்கியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

1997-ல் வெஸ்ட்மாண்ட் லேண்ட் என்ற மலேசிய நிறுவனம் 49 சதவீதப் பங்குகளை 1.1 கோடி டாலருக்கு வாங்கியது. நாட்டிலேயே பெரிய வங்கிக்கு வந்த முதலீட்டாளர்! ஆனால் அவர்களுக்கு வங்கி நடத்திய பெயர் எதுவும் இல்லை. அடுத்த வருடமே குட்டு வெளிப்பட்டது. வெஸ்ட்மாண்ட் வெறும் முகமூடி. பங்குகள் போய்ச் சேர்ந்த இடம் கிரீன்லாந்து என்ற உள்ளூர்க் குழுமம். அதே பெயரில் ஒரு வங்கி நடத்தியவர்கள்தான் அவர்கள்! அந்த வங்கியின் தலைவர் சுலைமான் கிகுண்டு ஒரு காலத்தில் மத்திய வங்கியின் ஆளுநராகவே இருந்தவர். அந்தக் குழுமத்தோடு அதிபர் முசவேனியின் தம்பி சலீம் சாலேவுக்கும் தொடர்பு இருப்பது தெரிய வந்தது. நாடாளுமன்றத்தில் பெரிய ரகளை. 1998 முடிவதற்குள் சாலே அதிபரின் ஆலோசகர் பதவியிலிருந்து விலகினார். யு.சி.பி.யை மத்திய வங்கி மறுபடி தன் கையில் எடுத்துக்கொண்டது. 1999-ல் கிரீன்லாந்து வங்கியும் இழுத்து மூடப்பட்டது.

நம் ஊரில் பினாமி என்போமே, அதே சங்கதிதான். என்ன, இங்கே வீட்டுமனைக்குச் செய்வதை அங்கே ஒரு நாட்டின் மிகப் பெரிய வங்கிக்கே செய்யப் பார்த்தார்கள்.

இரண்டாவது முறை விற்றது 2002-ல். வாங்கியது தென்னாப்பிரிக்காவின் ஸ்டாண்டர்ட் வங்கிக் குழுமம். ஸ்டான்பிக் என்ற பெயரில் அவர்கள் ஏற்கெனவே கம்பாலாவில் சின்னதாக ஒரு வங்கி வைத்திருந்தார்கள். அதோடு யு.சி.பி.யின் அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகளை இணைத்ததும் நாட்டின் மிகப் பெரிய வங்கி ஆகிவிட்டது. கிராமத்துக் கிளைகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு மூடக்கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. இந்த முறை தேறியது. இரண்டு முறையும் விற்றது தனியாரிடம்தான். முதல் தடவை வாங்கியவரின் முகம் தெரியாது, இரண்டாம் தடவை தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

அந்தச் சின்ன ஸ்டான்பிக்கின் பூர்வீகம் இன்னும் சுவாரஸ்யம். 1906-ல் உகாண்டாவுக்கு வந்த நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா அது! 1863-ல் கல்கத்தாவில் பிறந்து, சீக்கிரமே லண்டனுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட வங்கி. 1958-ல் கிரிண்ட்லேஸோடு இணைந்தது. சென்னையில் பெரியவர்களைக் கேட்டால் கிரிண்ட்லேஸ் வங்கியைச் சொல்வார்கள். 1984-ல் ஆஸ்திரேலியாவின் ஏ.என்.இசட். அதை வாங்கியது. 90-களின் தொடக்கத்தில் அதன் ஆப்பிரிக்கக் கிளைகள் ஸ்டாண்டர்ட் வங்கிக்குப் போயின. 2000-ல் இந்தியக் கிளைகள் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டுக்கு வந்தன. இந்த இரண்டு 'ஸ்டாண்டர்டும்' ஒரு காலத்தில் ஒரே குடும்பம். 1987-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் தன் தென்னாப்பிரிக்கப் பங்குகளை விற்றுப் பிரிந்தது. ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் அவர்களிடமே தங்கிவிட்டதால்தான் இவர்களுக்கு ஸ்டான்பிக் என்று ஒரு பெயர் தேவைப்பட்டது.

முகமூடி விவகாரத்தில் அரசாங்கமும் பாடம் கற்றுக்கொண்டது. 2004-ல் வந்த நிதி நிறுவனச் சட்டப்படி, நம்பகமான நிதி நிறுவனமாக இருந்தாலொழிய, ஒரே ஆள் ஒரு வங்கியில் 49 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது. 2007-ல் உகாண்டா பங்குச் சந்தையில் ஸ்டான்பிக் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். அரசு கையில் மிச்சமிருந்ததும் அத்தோடு போனது.

சரி, இப்போது அது யாருடையது? பங்குதாரர் பட்டியலின் முதல் வரியில் ஸ்டான்பிக் ஆப்பிரிக்கா ஹோல்டிங்ஸ், 80 சதவீதம். அது பிரிட்டனில் பதிவான நிறுவனம். அதன் சொந்தக்காரர் ஜோஹன்னஸ்பர்கில் உள்ள ஸ்டாண்டர்ட் வங்கிக் குழுமம். அந்தக் குழுமத்தில் 2007-ல் சுமார் 550 கோடி டாலர் கொடுத்து 20 சதவீதம் வாங்க ஒப்பந்தம் போட்டது சீனாவின் ஐ.சி.பி.சி. வங்கி. இன்றும் அதுதான் குழுமத்தின் மிகப் பெரிய பங்குதாரர். ஐ.சி.பி.சி.யின் பெரும்பான்மைப் பங்குகளோ சீன அரசிடம்.

80-ல் ஐந்தில் ஒன்று என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அரசாங்கத்துக்கு வங்கி நடத்தத் தெரியாது என்று சொல்லி உகாண்டா அரசு விற்ற வங்கியில் இன்று சுமார் 16 சதவீதம், சுற்றி வளைத்து, இன்னொரு அரசாங்கத்தின் வங்கியிடம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று எங்கள் சாரிடம் கேட்க வேண்டும்.